குறைந்த செலவில் கார்ட் ரேஸுக்கு நம்பகமான கிளட்ச்: எதை வாங்குவது, ஏன் எரிகிறது

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான். டாலஸ் பக்கம் ஒரு கிளப்பில் ஓட்டுவதற்காக செகண்ட் ஹேண்டில் ஒரு கார்ட் (கோ-கார்ட் என்ற சிறிய பந்தய வண்டி) வாங்கியிருக்கிறீர்கள். எஞ்சின் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எல்ஓ206. கூடவே வந்த கிளட்ச்சின் டிரம் (வெளிப்புற எஃகு உறை) ஓரிரு ரேஸ் நாளிலேயே சூட்டில் நீலம் பாய்ந்துவிட்டது. மெதுவான வளைவை விட்டு வெளியே வரும்போது எஞ்சின் கத்துகிறது, வண்டி பின்தங்குகிறது. கடையில் 40 டாலருக்கும் கிளட்ச் இருக்கிறது, 400 டாலருக்கும் இருக்கிறது. எந்த பிராண்டை எடுத்தால் காசு வீணாகாது என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்களே, "அடுத்ததும் இப்படியே எரிந்துவிட்டால் என்ன செய்வது" என்று, உண்மையான கேள்வி அதுதான். அதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டு பிராண்டுக்கு வருகிறேன். ஏனென்றால் காரணம் தெரியாமல் புதிதாக எதை மாட்டினாலும் அதுவும் நீலம் பாயும்.

எனக்குப் பழக்கம் ஃபோர் ஸ்ட்ரோக் கார்ட்டுகள். கிளப் மட்டத்தில், பெரிய ஸ்பான்சர் எதுவும் இல்லாத ஆட்களின் வண்டிகளைத்தான் பல வருடமாகத் தயார் செய்து கொடுத்து வருகிறேன். அந்த அளவில் நிச்சயமாகத் தெரிந்ததை நிச்சயமாகவும், ஆளுக்கு ஆள் கருத்து மாறுகிற இடங்களை அப்படியும் சொல்கிறேன்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். டிவிஎஸ் எக்ஸ்எல் ஓட்டியவர்களுக்கு இது கையோடு தெரிந்த விஷயம்: கிளட்ச் லீவர் கிடையாது, ஆக்சிலரேட்டரைத் திருகினால் வண்டி தானாக நகரும், விட்டால் எஞ்சின் அணையாமல் நிற்கும். கார்ட்டில் இருப்பதும் அதே சென்ட்ரிஃப்யூகல் கிளட்ச்தான், அதாவது சுழலும் வேகத்தால் தானாகப் பிடிப்பது. ஒரு வித்தியாசம், எக்ஸ்எல்லில் அது எண்ணெயில் நனைந்து ஓடும். கார்ட்டில் வறண்டு ஓடும். எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட்டில் கீ (சிறு இரும்பு ஆப்பு) போட்டு மாட்டிய ஹப் என்ற நடுப்பகுதி, அதில் உட்கார்ந்த ஷூக்கள் (டிரம்மோடு உரசும் பட்டைகள்), அவற்றை உள்ளே இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகள், வெளியே டிரம், டிரம்மோடு சேர்ந்த ஸ்ப்ராக்கெட் (செயினை இழுக்கும் பல் சக்கரம்). எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது ஷூக்கள் ஸ்பிரிங்கை மீறி வெளியே விரிந்து டிரம்மைப் பிடிக்கின்றன. அவ்வளவுதான் மொத்த வேலையும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஷூவை வெளியே தள்ளும் விசை சுற்று வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுகிறது. 1500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) உள்ளதைப்போல 3000-இல் நான்கு மடங்கு. அதிலிருந்து ஸ்பிரிங்கின் இழுப்பைக் கழித்தால் மிச்சம்தான் பிடி. உதாரணமாக 2400-இல் ஷூ டிரம்மைத் தொடுகிறது என்று வையுங்கள். 3000-இல் அதன் பிடி எவ்வளவோ, 4500-இல் அதைப்போல ஏறக்குறைய நாலரை மடங்கு இருக்கும். ஆக, 4500, 5000 ஆர்பிஎம்மிலும் ஒரு கிளட்ச் வழுக்கினால் அது கிளட்ச்சின் திறன் குறைவு அல்ல. ஷூவில் எண்ணெய் பட்டிருக்கிறது, அல்லது ஷூ கண்ணாடிபோல் மின்னி வழவழத்துவிட்டது, அல்லது தேய்ந்துவிட்டது. கீழ் வேகத்தில் மட்டும் வழுக்கினால் காரணம் ஸ்பிரிங்கும், முன் பின் ஸ்ப்ராக்கெட்டுகளின் பல் விகிதமும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்குக் காசு ஒன்றும் செலவில்லை. உங்கள் வண்டியில் ஆர்பிஎம் காட்டும் மீட்டர் இருந்தால் போதும்.

இப்போது சூடு. எஃகு நீலம் பாய வேண்டுமானால் சுமார் 300 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற வேண்டும். அந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன் ஸ்ப்ராக்கெட்டில் 18 பல், பின் ஸ்ப்ராக்கெட்டில் 62 பல் என்று வையுங்கள், விகிதம் 3.44. பின் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 0.87 மீட்டர் போகும். எஞ்சின் 3000-இல் இருந்து, கிளட்ச் முழுதாகப் பிடித்திருந்தால், வண்டியின் வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர். இதன் அர்த்தம் என்ன? 3000-இல் பிடிக்கும் கிளட்ச், வண்டி நின்ற நிலையிலிருந்து 45 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும்வரை வழுக்கிக்கொண்டேதான் இருக்கும். ஓட்டுபவரோடு சேர்த்து 160 கிலோ எடைக்கு அந்த ஒரு ஸ்டார்ட்டில் கிளட்ச்சில் இறங்கும் வெப்பம் 13 கிலோஜூலுக்குச் சற்றே குறைவு. டிரம்மும் ஷூவும் சேர்ந்து ஒரு கிலோ என்றால், ஒரு ஸ்டார்ட்டுக்கு 25 டிகிரிக்கு மேல் ஏறும். காற்றின் எதிர்ப்பு, டயர் உராய்வு எல்லாவற்றையும் விட்டுவிட்ட தோராயக் கணக்குதான் இது, ஆனாலும் அளவு புரியும். ரேஸின் ஸ்டார்ட்டால் மட்டும் டிரம் நீலம் பாய்வதில்லை.

பின் எதனால்? இரண்டு காரணங்களை நான் எப்போதும் முதலில் தேடுவேன். ஒன்று, பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து மிதிப்பது. வண்டி நிற்க, எஞ்சின் 3000-இல் முழுத் திறனோடு உழைத்தால், அதன் சுமார் 4 கிலோவாட் அத்தனையும் கிளட்ச்சில் வெப்பமாகத்தான் போயாக வேண்டும். வேறு வழியே இல்லை. பத்து வினாடி அப்படிப் பிடித்திருந்தால் மூன்று ஸ்டார்ட்டுக்கு மேலான சூடு. கிரிட்டில் (ஸ்டார்ட்டுக்கு வரிசையாக நிற்கும் இடத்தில்) காத்திருக்கும்போது பிரேக்கை மிதித்தபடி எஞ்சினை உறுமவிடும் பழக்கம் புதிதாக வருபவர்களிடம் நிறைய உண்டு. கார்ட்டில் இடது காலில் பிரேக், வலது காலில் ஆக்சிலரேட்டர் என்பதால் வளைவுக்குள் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதும் சகஜம். ஓட்டுபவருக்கே தெரியாது. மீட்டர் பதிவுசெய்த டேட்டா இருந்தால் தெரியும்: வேகம் இறங்கிக்கொண்டிருக்கும்போதே ஆர்பிஎம் தட்டையாக நிற்கும்.

இரண்டாவது காரணம், கிளட்ச் பிடிக்கும் வேகம் தேவைக்கு மேல் உயர்த்தி வைத்திருப்பது. "ஸ்டார்ட்டில் நன்றாகத் துள்ளும்" என்று சொல்லிக் கடினமான ஸ்பிரிங் போட்டுவிடுவார்கள். மேலே சொன்ன அதே கார்ட்டில் பிடிக்கும் வேகத்தை 4000-க்கு ஏற்றினால் கிளட்ச் முழுதாகப் பிடிப்பது மணிக்கு 60 கிலோமீட்டரில். உங்கள் தடத்தில் ஒரு ஹேர்பின் வளைவு இருந்து, அதில் வண்டி 36 கிலோமீட்டருக்கு இறங்குகிறது என்று வையுங்கள். 3000-இல் பிடிக்கும் கிளட்ச் அந்த வளைவில் ஒவ்வொரு முறையும் அரை கிலோஜூலுக்குச் சற்று அதிகமாகச் சூடாகும். 4000-இல் பிடிப்பது மூன்றே முக்கால் கிலோஜூல் வாங்கும். ஏழு மடங்கு. பதினைந்து லாப் (தடத்தின் முழுச் சுற்று) ஓடினால் பதினைந்து தடவை. இந்தச் சூடு ஆறுவதற்கு இடையில் நேரமும் கிடையாது. நீங்கள் சொன்ன அறிகுறியைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்: முந்தைய உரிமையாளர் வேறொரு எஞ்சினுக்கோ வேறொரு தடத்துக்கோ ஏற்ற ஸ்பிரிங்கோடு கிளட்ச்சை விட்டுப் போயிருக்கலாம். கழற்றிப் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் வாய்ப்பு அதிகம்.

அப்படியானால் எத்தனை ஆர்பிஎம்மில் பிடிக்க வேண்டும்? எஞ்சினின் டார்க் (சுழற்றும் இழுவை) உச்சத்தில் இருக்கும் வேகத்தில், அல்லது அதற்குச் சற்றே மேலே. இதில் கருத்து வேறுபாடு கிடையாது. அதற்குக் கீழே பிடித்தால் எஞ்சின் திணறும். மிகவும் மேலே பிடித்தால் வேகமும் கூடாது, சூடு மட்டும் கூடும். ஒப்பிட ஒரு எண் சொல்கிறேன்: தோட்ட இயந்திரங்களிலும் வாடகைக் கார்ட்டுகளிலும் வரும் சாதாரண ஹோண்டா ஜிஎக்ஸ்200 எஞ்சினுக்கு டார்க் உச்சம் 2500 ஆர்பிஎம். எல்ஓ206 பந்தயத்துக்கென்றே அமைத்த 204 சிசி எஞ்சின். 6100-இல் லிமிட்டர் (அதற்கு மேல் வேகம் ஏறாமல் தடுப்பது) வெட்டும் வரை இழுக்கும்படி கட்டியது. அதனால் இதற்கு அந்த 2500 பொருந்தாது, கொஞ்சம் மேலே போக வேண்டும். கிளப்புகளில் பெரும்பாலோர் 3000-க்கு அருகிலிருந்து தொடங்கி அங்கிருந்து நகர்த்துகிறார்கள். நீங்களும் அங்கேயே தொடங்குங்கள். 3000-ஆ, 3200-ஆ என்ற சண்டையில் நான் இறங்கமாட்டேன். அது ஓட்டுபவரின் எடையையும், ஸ்டார்ட் உருண்டபடி நடக்கிறதா நின்றபடி நடக்கிறதா என்பதையும் பொறுத்து மாறும். உருண்டபடி தொடங்கும் ரேஸாக இருந்தால் ஸ்டார்ட்டுக்காக ஸ்பிரிங்கைக் கடினமாக்கிப் பெறுவதற்கு அநேகமாக ஒன்றுமே இல்லை.

இனி கடைக்கு வருவோம். விலையை வைத்துப் பார்த்தால் மூன்று வகை. நீங்கள் பார்த்த 40 டாலர் கிளட்ச் பெரும்பாலும் வீட்டுத் தோட்டத்தில் ஓட்டும் விளையாட்டுக் கார்ட்டுக்கானது. 2000 ஆர்பிஎம்முக்கு அக்கம்பக்கத்தில் பிடித்துவிடும், ஸ்பிரிங் மாற்ற வசதி இருக்காது, ஸ்ப்ராக்கெட் டிரம்மோடு ஒட்டியே வரும். முன் பல்லை ஒன்று கூட்டவோ குறைக்கவோ வேண்டுமென்றால் முழு டிரம்மையும் மாற்ற வேண்டும். அது மோசமான பொருள் அல்ல, அதன் வேலையே வேறு. எல்ஓ206-இல் மாட்டினால் வளைவுக்கு வளைவு எஞ்சினைக் கீழே இழுத்துத் திணறடிக்கும்.

நடுவில் இருப்பது பந்தயத்துக்கான ஷூ கிளட்ச். ஏறக்குறைய 100 முதல் 200 டாலருக்குள் கிடைக்கிறது. நியூயார்க் மாநிலத்து எல்மைராவில் 1905 முதல் இயங்கும் ஹில்லியர்ட் நிறுவனத்தின் ஃப்ளேம், மேக்ஸ் டார்க் நிறுவனத்தின் ட்ராகின் ஸ்கின், நோரம் தயாரிப்புகள் இவையெல்லாம் இந்த வரிசையில் வருபவை. ஸ்பிரிங் மாற்றிப் பிடிக்கும் வேகத்தை அமைக்கலாம். ஷூ தனியாகக் கிடைக்கும், டிரம் தனியாகக் கிடைக்கும். பெரும்பாலானவற்றில் ஸ்ப்ராக்கெட்டும் தனி. உங்களுக்கு நான் சொல்வது இந்த வகைதான். இதில் ஒன்றை வாங்குங்கள்.

400 டாலருக்கு நீங்கள் பார்த்தது டிஸ்க் கிளட்ச்சாகத்தான் இருக்கும். தட்டுத் தட்டாக அடுக்கிய உராய்வு டிஸ்குகள், எடைகள், ஸ்பிரிங்குகள், அவற்றுக்கிடையே அளந்து வைக்கும் இடைவெளி என்று அமைப்பு நுட்பமானது. திறன் கூட்டிய எஞ்சின்களில் இதன் அருமை தெரியும். ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். டிஸ்க் தேயத் தேய இடைவெளி மாறும். அளந்து சரிசெய்யாவிட்டால் பிடிக்கும் வேகமும் மாறிவிடும். பராமரிக்க நேரமும் கையும் உள்ளவருக்கான சாமான் அது. அதைவிட முக்கியம், எல்ஓ206 விதிகள் கேட்பது எஞ்சினில் மாட்டும் வறண்ட ஷூ கிளட்ச். டிஸ்க் கிளட்ச்சை மாட்டிப் போனால் ரேஸ் முடிந்து ஸ்க்ரூட்டினியில் (வண்டி விதிப்படி இருக்கிறதா என்ற சோதனையில்) தூக்கிவிடுவார்கள். கிளப்புக்குக் கிளப் சின்னச் சின்ன மாற்றங்கள் உண்டு, சில இடங்களில் எந்த மாடல், எந்த ஸ்பிரிங் என்பது வரைக்கும் எழுதி வைத்திருப்பார்கள். பணம் கட்டும் முன் உங்கள் கிளப்பின் இந்த வருட விதிப் புத்தகத்தில் கிளட்ச் பகுதியை ஒருமுறை படித்துவிடுங்கள்.

பிராண்டுகளுக்குள் எது மேல்? இங்கே நேர்மையாகச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன பெயர்களுக்குள் ஒன்று மற்றதைவிட அதிக நாள் உழைக்கும் என்று ஆதாரத்தோடு யாரும் நிறுவியதாக எனக்குத் தெரியவில்லை. ஒரே எஞ்சின், ஒரே ஓட்டுநர், ஒரே தடம் என்று வைத்து ஒரு சீசன் முழுக்க ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும். அப்படி யாருக்கு முடியும்? ஆளுக்கு ஒரு பிராண்டைச் சத்தியம் செய்வார்கள், பெரும்பாலும் அது தங்களுக்கு முதலில் சரியாக அமைந்த பிராண்ட். டிரம்மில் ஓட்டைகள் போட்டது சீக்கிரம் ஆறும் என்பதும் அப்படித்தான். தர்க்கம் சரியாக இருக்கிறது, லாப் நேரத்திலோ ஆயுளிலோ எவ்வளவு வித்தியாசம் என்பது தெளிவில்லை. நான் தேர்ந்தெடுப்பது வேறு அளவுகோலில். ரேஸ் நாளன்று தடத்தில் கடை போடுபவரிடம் எந்த பிராண்டின் ஷூவும் ஸ்பிரிங்கும் டிரம்மும் இருக்கிறதோ அதுதான் உங்கள் பிராண்ட். பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் எதைப் போட்டிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். சனிக்கிழமை மதியம் ஒரு ஸ்பிரிங் உடைந்தால், இணையத்தில் ஐந்து டாலர் மலிவாக வாங்கிய அபூர்வ மாடலால் ஒரு பயனும் இல்லை.

வாங்கும்போது சரிபார்க்க வேண்டிய அளவுகள்: எல்ஓ206 ஷாஃப்ட் முக்கால் அங்குலம், அதாவது 19.05 மில்லிமீட்டர். கீ அளவு அங்குலத்தில் 3/16. செயின் 35 வகையா 219 வகையா என்பது மிக முக்கியம். 35 செயினின் பிட்ச் (அடுத்தடுத்த இரு கண்ணிகளின் இடைவெளி) 9.525 மில்லிமீட்டர், 219-இன் பிட்ச் 7.775. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. பின் ஸ்ப்ராக்கெட்டும் செயினும் எதுவோ, முன்னதும் அதுவாகவே இருக்க வேண்டும். பழைய வண்டியில் 35 இருந்தால் அதிலேயே தொடருங்கள். இன்னொன்றுக்கு மாறுவதென்றால் செயின், முன் பல், பின் பல் எல்லாம் புதிதாக வாங்க வேண்டும், உங்கள் பட்ஜெட்டுக்கு அது நியாயமில்லை. டிரம் சுழலும் இடத்தில் சிலவற்றில் வெண்கல புஷ் (வழவழப்பான வளையம்), சிலவற்றில் நீடில் பேரிங். பேரிங் நல்லதுதான், ஆனால் தவறாமல் எண்ணெய் விடுபவர் கையில் புஷ்ஷும் நன்றாகவே உழைக்கும்.

மாட்டும் முறையில் நிறைய கிளட்ச்சுகள் உயிரை விடுகின்றன. இடமிருந்தால் ஸ்ப்ராக்கெட் எஞ்சின் பக்கமாக வரும்படி மாட்டுங்கள். செயினின் இழுப்பு கிராங்க் பேரிங்குக்கு எவ்வளவு அருகில் விழுகிறதோ அவ்வளவுக்கு ஷாஃப்ட் வளையும் சுமை குறையும். கீ முழு நீளத்துக்கும் உட்கார்ந்திருக்க வேண்டும். ஷாஃப்ட் நுனியில் கனமான வாஷர், நீல லாக்டைட் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) தொட்ட போல்ட். இறுக்கியபின் டிரம்மைக் கையால் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும், முன்பின்னாகக் கொஞ்சம் ஆட்டமும் இருக்க வேண்டும். ஆட்டமே இல்லாமல் இறுகியிருந்தால் ஐடிலில் நிற்கும்போதும் டிரம் கூடவே இழுபடும், புஷ் சூடாகிப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஒரு நேரான பட்டியை வைத்து முன் ஸ்ப்ராக்கெட்டும் பின் ஸ்ப்ராக்கெட்டும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். செயினை முறுக்கேற்றி வைக்காதீர்கள். நடுவில் விரலால் அழுத்தினால் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கட்டும். இறுக்கமான செயின் முதலில் புஷ்ஷைத் தின்னும், பிறகு டிரம் கோணும், அதற்குப் பிறகு ஷூ ஒரு பக்கமாகத் தேயும். கடைசியில் பழி கிளட்ச் மேல் விழும்.

மாட்டியாயிற்று, பிடிக்கும் வேகத்தை அளக்க வேண்டும். பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணை நம்பி விட்டுவிடாதீர்கள். ஒரே நிறத்து ஸ்பிரிங்கே இரண்டு செட் கொஞ்சம் மாறி வரும். செயின் கார்டு போட்டிருக்க வேண்டும், செயினுக்கு நேராகவும் வண்டிக்கு முன்னாலும் யாரும் நிற்கக்கூடாது. வண்டியில் உட்கார்ந்து பிரேக்கை அழுத்திப் பிடித்து, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து, மீட்டரில் ஆர்பிஎம் எங்கே ஏறி நிற்கிறது என்று பார்த்துவிட்டு உடனே விடுங்கள். இரண்டு வினாடிக்கு மேல் வேண்டாம். காரணம் மேலே சொன்னதுதான், அந்த நேரத்தில் 4 கிலோவாட்டும் டிரம்முக்குள் போகிறது. நின்ற எண்தான் உங்கள் கிளட்ச் முழு இழுவையைத் தாங்கும் வேகம். டிரம் தொடுவதற்கு இதமாக ஆறிய பிறகு இன்னொரு முறை. இரண்டும் ஒத்துவந்தால் நோட்டில் எழுதுங்கள். தேவைக்கு மேல் இருந்தால் மெல்லிய ஸ்பிரிங், கீழே இருந்தால் கடினமானது. ஷூக்கள் சமமாக விரியவேண்டும் என்பதால் எதிரெதிர் ஸ்பிரிங்குகளை ஒரே மாதிரி போடுங்கள்.

தடத்தில் ஓடும்போது பார்க்க வேண்டிய ஒரே எண், ஒரு லாப்பில் ஆர்பிஎம் மிகக் கீழே இறங்கிய இடம். மைக்ரான் (MyChron) போன்ற மீட்டர்கள் லாப்புக்கு லாப் இதைச் சேமித்து வைக்கும். அது பிடிக்கும் வேகத்துக்கு மேலேயே இருந்தால் ஓட்டத்தின்போது கிளட்ச் வழுக்கவே இல்லை. ஸ்டார்ட்டில் மட்டும்தான் அதற்கு வேலை. அப்படி அமைந்த வண்டியில் ஒரு சாதாரண ஷூ கிளட்ச் பல ரேஸ் நாள் தாங்கும். மீட்டரில் அந்தக் கீழ் எண் சரியாகப் பிடிக்கும் வேகத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றால், அந்த வளைவில் வழுக்குகிறது என்று பொருள். அப்போது முதலில் தொட வேண்டியது பின் ஸ்ப்ராக்கெட். இரண்டு பல் கூட்டினால், முன்னே போட்ட கணக்கில் 45 கிலோமீட்டர் என்பது 44 ஆகும். பெரிய மாற்றமாகத் தெரியாது, ஆனால் எல்லையில் நிற்கும் வண்டிக்கு அதுவே போதுமானதாக இருக்கலாம். நீண்ட நேர்பாதையில் லிமிட்டரை முன்பே தொட்டுவிடுமா என்பதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பின் ஸ்ப்ராக்கெட் ஒன்றின் விலை கிளட்ச் விலையில் சிறு பங்குதான்.

பராமரிப்பு சுருக்கமானது. ரேஸ் நாள் முடிந்ததும் கிளட்ச்சைக் கழற்றி புஷ்ஷுக்கு ஒரு சொட்டு, மிஞ்சினால் இரண்டு சொட்டு இலகுவான எண்ணெய். அதற்கு மேல் விட்டால் சுழற்சியில் தெறித்து ஷூவில் படியும், அடுத்த ரேஸில் மேல் வேகத்திலும் வழுக்கும். நீடில் பேரிங்காக இருந்தால் சூடு தாங்கும் கிரீஸ் மெல்லியதாக. செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது டிரம்மின் வாயை ஒரு துணியால் மறையுங்கள். ஷூ மின்னிப்போயிருந்தால் தட்டையான இடத்தில் எமரித் தாளை வைத்து அந்த வழவழப்பு போகும் அளவுக்கு மட்டும் தேயுங்கள். எல்லா ஷூவையும் ஒரே அளவு. டிரம்மின் உட்புறத்தை பிரேக் கிளீனர் ஊற்றித் துடையுங்கள். அந்தத் தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள், மூக்கில் போகக்கூடாதது அது. முகமூடி போட்டு ஈரத்துணியால் துடைப்பதே சரி. ஒருமுறை கடுமையாகச் சூடேறி நீலம் பாய்ந்த கிளட்ச்சின் ஸ்பிரிங்குகளை மாற்றிவிடுங்கள். சூட்டில் அவை இளகியிருக்கும், பிடிக்கும் வேகம் கீழே இறங்கியிருக்கும். டிரம்மில் மெல்லிய வெடிப்புக் கோடுகள் தெரிந்தால் அதைத் திரும்ப மாட்டவே கூடாது. 6000 ஆர்பிஎம்மில் சுற்றும் எஃகு துண்டாகிப் பறந்தால் அது உட்கார்ந்திருப்பவரின் காலுக்கு மிக அருகில் நடக்கும். எவ்வளவு சிக்கனம் பார்த்தாலும் இந்த ஒரு இடத்தில் பார்க்காதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் கிளட்ச் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஹப் நன்றாக இருந்தால் வாங்கலாம். ஷாஃப்ட்டில் ஏற்றிப் பார்க்கும்போது தளர்ந்து ஆடக்கூடாது. கீ உட்காரும் பள்ளத்தின் ஓரங்கள் கூர்மையாக இருக்க வேண்டும், உருண்டு அகன்றிருந்தால் வேண்டாம். ஷூ, ஸ்பிரிங், டிரம் மூன்றையும் புதிதாகப் போட வேண்டிவரும் என்று கணக்கிட்டே விலை பேசுங்கள். அந்தக் கூட்டுத்தொகை புதியதின் விலையை நெருங்கினால் புதியதே மேல். உங்களிடம் இப்போது இருக்கும் கிளட்ச்சையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது பந்தய மாடலாக இருந்து, ஹப் சரியாக இருந்தால், புது டிரம், ஷூ, ஸ்பிரிங் போட்டு அதையே உயிர்ப்பித்துவிட முடியும். உங்கள் கேள்வியில் மாடல் பெயர் இல்லை. ஹப்பின் முகப்பில் பெயரோ எண்ணோ பொறித்திருக்கிறதா என்று பாருங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் தேசிய அளவில் பேசப்படும் ரோட்டாக்ஸ் மேக்ஸ் 125 சிசி டூ ஸ்ட்ரோக். அதுவும் வறண்ட சென்ட்ரிஃப்யூகல் கிளட்ச்தான், ஆனால் எஞ்சினோடு வரும் அசல் பாகம் தவிர வேறு எதுவும் போட முடியாது; 4000 ஆர்பிஎம்முக்குள் பிடித்து வண்டி நகர வேண்டும் என்று விதியே இருக்கிறது. அங்கே "எதை வாங்குவது" என்ற கேள்விக்கு இடமில்லை. தேய்மானத்தை அளப்பதும், சூடாகாமல் ஓட்டுவதும் மட்டும் அப்படியே பொருந்தும். நான் மேலே சொன்ன ஆர்பிஎம் எண்களை டூ ஸ்ட்ரோக்குக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்களுக்கான செலவுத் திட்டம் என் கணக்கில் இப்படி இருக்கும். தடத்தில் பாகம் கிடைக்கும் பிராண்டில் பந்தய ஷூ கிளட்ச் ஒன்று. கூடவே, தொடங்கும் ஸ்பிரிங்குக்கு ஒரு படி மேலும் ஒரு படி கீழும் ஸ்பிரிங் செட் இரண்டு. ஒரு டிரம் கூடுதலாக. பின் ஸ்ப்ராக்கெட், இப்போதிருப்பதைவிட இரண்டு பல் பெரியதாக ஒன்று. எல்லாம் சேர்ந்தும் அந்த 400 டாலர் டிஸ்க் கிளட்ச்சைத் தொடாது. இன்னும் குறைக்க வேண்டுமென்றால் டிரம்மைத் தள்ளிப்போடுங்கள், ஸ்பிரிங்கைத் தள்ளிப்போடாதீர்கள். அடுத்த முறை தடத்துக்குப் போகும்போது முன் பல், பின் பல், பின் டயரின் சுற்றளவு, ஒரு லாப்பில் மிகக் கீழே இறங்கிய ஆர்பிஎம், பிரேக் பிடித்து அளந்த ஆர்பிஎம் இந்த ஐந்தையும் குறித்துக்கொண்டு வந்து இங்கேயே எழுதுங்கள். அவை இருந்தால் எந்த ஸ்பிரிங், எத்தனை பல் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம்.